ராமநாதபுரம் கடற்கரையில் படமெடுக்க வேகமான மெமரி கார்டு: புதியவர்களுக்கு

புதிதாகக் கேமரா வாங்குகிறவர்கள் லென்ஸுக்கு மாதக்கணக்கில் யோசிப்பார்கள். மெமரி கார்டை மட்டும் கடைக்காரர் கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வேகம் எப்படி என்று கேட்டால், அவரும் கார்டின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணைக் காட்டி, “இது 200, அது 100, இதுதான் ஸ்பீடு” என்று முடித்துவிடுவார். அந்த எண் பெரும்பாலும் கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படத்தை இறக்கும் வேகம். தனுஷ்கோடியில் பறவைக் கூட்டம் எழும்பும் நேரத்தில் உங்களுக்குத் தேவைப்படுவது வேறு: கேமராவிலிருந்து கார்டுக்குள் எழுதும் வேகம். அது சிறிய எழுத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். சில கார்டுகளில் எண்ணாகவே இருக்காது, ஒரு சின்னமாக மட்டும் இருக்கும்.

ஆகவே நேராகக் கார்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். முதலில் எதைப் படமெடுக்கப் போகிறீர்கள், அப்புறம் உங்கள் கேமரா எதுவரை தாங்கும், அதற்கும் அப்புறம்தான் கார்டு. இந்த வரிசை மாறினால் காசு வீணாகும். தேவைக்கு மேல் வேகமான கார்டு வாங்கிப் பாதியைக் கூடப் பயன்படுத்தாதவர்களே அதிகம்.

எதை எடுக்கப் போகிறீர்கள்?

வெளியூரிலிருந்து வருகிற பலரும் முதலில் கேமராவைத் திருப்புவது பாம்பன் பக்கம்தான். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தில் நடுவே இருக்கும் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக மேலே எழும்பும். பார்க்கப் பிரமாதமான காட்சி, ஆனால் மெமரி கார்டுக்கு இதில் வேலையே இல்லை. பாலம் மெதுவாகத்தான் ஏறுகிறது. நிதானமாக ஒவ்வொரு படமாக எடுக்கலாம். போலியில்லாத எந்தச் சாதாரண கார்டும் போதும். அரிச்சல்முனையில் முக்காலி வைத்து எடுக்கும் சூரிய உதயம், தேவிபட்டினத்து நவபாஷாணம், வாலிநோக்கம் பக்கத்து உப்பளம், எல்லாம் இதே கணக்குதான். இவை மட்டுமே உங்கள் ஆசை என்றால் அடுத்த சில பத்திகளை விட்டுவிட்டு, போலி கார்டைப் பற்றிய பகுதிக்கே போய்விடலாம்.

வேகம் வேண்டியிருப்பது அசைகிறவற்றுக்கு. கடலுக்குள் தலைகுப்புறப் பாயும் ஆலாப் பறவை, மீனைக் காலில் பற்றிக்கொண்டு திரும்பும் செம்பருந்து, இடுப்பளவு நீரில் நின்று வீச்சுவலையை விரிக்கிறவர், தொண்டிப் பக்கம் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டி. வலை முழு வட்டமாக விரிந்து நிற்பது கண் இமைக்கும் நேரம். அதற்கு ஷட்டரை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாக எடுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் மெதுவான கார்டு காலை வாரும்.

ஏன் என்று கொஞ்சம் விவரமாகப் பார்த்துவிடுவோம். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

கேமரா எடுக்கும் படம் நேராகக் கார்டுக்குப் போவதில்லை. முதலில் கேமராவுக்குள்ளேயே இருக்கும் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் குவியும். அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கார்டில் எழுதப்படும். விசைப்படகு கரைக்கு வந்ததும் மீன் கூடைகளை இறக்கி மேடையில் அடுக்குவார்கள், வண்டியில் ஏற்றுகிறவர்கள் ஒரு பக்கம் ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். ஏற்றுகிற கை மெதுவாக இருந்தால் மேடை நிறைந்துவிடும், படகிலிருந்து இறக்குகிறவர் கூடையோடு நிற்க வேண்டியதுதான். கேமராவிலும் அதே நிலைமை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ஃபைல், ஏறக்குறைய 25 எம்பி இருக்கும். நொடிக்கு 10 படம் என்று எடுத்தால் நொடிக்கு 250 எம்பி குவிகிறது. பஃபரில் 30 படம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் மூன்று நொடி கொஞ்சம் கடந்ததும் நிறைந்துவிடும். உள்ளே இருப்பது 750 எம்பி. நொடிக்கு 25 எம்பி எழுதும் கார்டில் அது காலியாக அரை நிமிடம் ஆகும். 75 எம்பி எழுதும் கார்டில் 10 நொடி. 200 எம்பி எழுதும் கார்டில் நான்கு நொடிக்குள் முடிந்துவிடும். அதுவரை கேமரா ஒரேயடியாக நின்றுவிடாது. ஆனால் விக்கி விக்கி ஒன்றிரண்டாக எடுக்கும். அந்த அரை நிமிடத்தில் பூநாரைக் கூட்டம் பெண்கடலிலிருந்து (அமைதியான பாக் நீரிணைப் பக்கம்) எழும்பி ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் போய் இறங்கியே விடும்.

பூநாரை என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாடைக் காலத்தில் தனுஷ்கோடியில் அவை கூட்டமாக வந்து நிற்கும். அந்தப் பகுதியை 2025இல் பெரும் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது. பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கை தட்டுவது, கல் எறிவது, நீருக்குள் இறங்கி ஓடுவது எல்லாம் நடக்கிறது. எவ்வளவு வேகமான கார்டு வைத்திருந்தாலும் அப்படி எடுத்த படத்துக்கு மதிப்பில்லை. அவை தாமாக எழும்பும் வரை உட்கார்ந்திருங்கள்.

கார்டு மாற்றக் காசில்லை என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ராவை விட்டுவிட்டு, கேமராவே சுருக்கித் தரும் ஜேபெக்கில் எடுப்பது. படம் ஒன்றுக்கு 10 எம்பி அளவுக்கு இறங்கிவிடும், பஃபர் நெடுநேரம் தாங்கும். இன்னொன்று, விரலை அழுத்தியே பிடிக்காமல் ஐந்தாறு படமாக விட்டுவிட்டு எடுப்பது. ஆலா மேலே வட்டமிடும்போது எடுக்காமல் இறக்கையை மடக்கும் கணத்துக்குக் காத்திருந்தால் சாதாரண கார்டிலேயே நல்ல படம் வரும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களில் கூட்டுக்குக் குச்சி கொண்டு வரும் மஞ்சள்மூக்கு நாரைகளுக்கு இந்த முறையே தாராளம். அவை அவசரப்படுவதில்லை.

வீடியோ எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு, சுலபமும் கூட. கேமரா மெனுவில் வீடியோத் தரத்துக்குப் பக்கத்தில் நொடிக்கு 50, 100, 200 என்று ஓர் எண் இருக்கும். அது மெகாபிட். கார்டில் போட்டிருப்பது மெகாபைட், அதாவது எம்பி. எட்டால் வகுக்க வேண்டும். 100 மெகாபிட் 4கே வீடியோ நொடிக்கு 12.5 எம்பிதான் எழுதுகிறது. 200 மெகாபிட் என்றால் 25 எம்பி. ‘4கேக்கு இதுதான் வேண்டும்’ என்று விலை கூடிய கார்டைத் தலையில் கட்டுகிறவர்களிடம் இந்த வகுத்தலைச் செய்து காட்டுங்கள். 400 மெகாபிட்டுக்குப் போனால்தான் நொடிக்கு 50 எம்பி ஆகிறது, அங்கேதான் அடுத்த ரக கார்டு உண்மையிலேயே தேவைப்படுகிறது.

கேமராவின் கதவைத் திறந்து பாருங்கள்

கேமராவின் கையேட்டில் ‘பயன்படுத்தக்கூடிய கார்டுகள்’ என்று ஒரு பக்கம் இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது. அதில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, கார்டின் வடிவம். பெரும்பாலான கேமராக்களுக்கு எஸ்டி கார்டு. விலை கூடிய சிலவற்றில் சிஎஃப் எக்ஸ்பிரஸ் என்ற இன்னொரு ரகம். அதிலும் டைப் ஏ, டைப் பி என்று இரண்டு பரவலாக இருக்கின்றன. டைப் ஏ சிறியது, சோனி கேமராக்களில் வருகிறது. டைப் பி பெரியது, நிக்கான், கேனான் போன்றவர்களின் மேல்நிலைக் கேமராக்களில் வருகிறது. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போட முடியாது. புதியவர்களுக்கு இந்த ரகம் அநேகமாகத் தேவைப்படாது, தாண்டிப் போவோம்.

இரண்டாவது, யுஎச்எஸ் ஒன்றா, இரண்டா என்பது. கார்டுக்கும் கேமராவுக்கும் இடையே இருக்கும் பாதையின் அகலம் இது. யுஎச்எஸ்-1 பாதையில் நொடிக்கு அதிகபட்சம் 104 எம்பிதான் போகும். யுஎச்எஸ்-2 பாதையில் 312 எம்பி வரை போகலாம். யுஎச்எஸ்-2 கார்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் தங்க நிறத் தொடுமுனைகள் இரண்டு வரிசையாக இருக்கும். சாதாரண கார்டில் ஒரே வரிசை. இரண்டு வரிசைக் கார்டை ஒரு வரிசைக் கேமராவில் போட்டால் வேலை செய்யும், ஆனால் இரண்டாவது வரிசை சும்மா கிடக்கும். நிக்கான் இசட்50, கேனான் ஆர்50, சோனி ஏ6400 எல்லாம் யுஎச்எஸ்-1 கேமராக்கள். இவற்றுக்கு இரண்டு வரிசைக் கார்டு வாங்கினால் கம்ப்யூட்டருக்குப் படம் இறக்கும்போது மட்டும் கொஞ்சம் நேரம் மிச்சமாகும், அதுவும் அதற்கேற்ற ரீடர் இருந்தால்தான். கேனான் ஆர்10 மாதிரி யுஎச்எஸ்-2 கேமராவாக இருந்து, நீங்கள் பறவைப் பைத்தியமாகவும் இருந்தால், அப்போது கொடுக்கும் கூடுதல் காசுக்கு அர்த்தம் உண்டு.

எஸ்டி எக்ஸ்பிரஸ் என்று ஒரு ரகமும் வந்திருக்கிறது. பெயரைக் கேட்டு மயங்கவேண்டாம். அதிலும் பின்பக்கம் இரண்டாவது வரிசை இருக்கும், ஆனால் அது வேறு வேலைக்கானது. இப்போதைய யுஎச்எஸ்-2 கேமராவில் போட்டால் யுஎச்எஸ்-1 வேகத்துக்கு இறங்கிவிடும்.

மூன்றாவது, கேமரா எவ்வளவு பெரிய கார்டை ஏற்கும் என்பது. பழைய கேமராவைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எஸ்டிஎச்சி என்ற வகை 32 ஜிபியோடு நின்றுவிடும். அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. அந்த வகையை அறிவித்ததே 2009இல்தான். அதற்கு முந்தைய கேமராவில் 64 ஜிபி கார்டைப் போட்டால் கார்டே இல்லை என்று சொல்லும், அல்லது பிழை காட்டும். கார்டில் குறை இருக்காது.

இரண்டு கார்டு போடும் கேமரா வைத்திருப்பவர்கள் இரண்டு துளையும் ஒரே மாதிரிதானா என்றும் பாருங்கள். சோனி ஏ7-3இல் முதல் துளை யுஎச்எஸ்-2, இரண்டாவது யுஎச்எஸ்-1. ஒரே படத்தை இரண்டு கார்டிலும் ஒருசேர எழுதச் சொன்னால் மெதுவான கார்டின் வேகத்துக்குத்தான் மொத்த வேலையும் நடக்கும். ஒன்றில் விலை கூடியதும் மற்றதில் வீட்டில் கிடந்த பழையதும் போடுவதால் பயனில்லை. அதற்காக இரண்டு கார்டில் எழுதுவதை விட்டுவிடாதீர்கள். கீழக்கரையில் ஒரு கல்யாணத்துக்கோ ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கோ படமெடுக்கப் போனால், வேகத்தைவிட இரட்டைப் பிரதிதான் பெரிது. கல்யாணத்தை மறுபடி நடத்தச் சொல்ல முடியாது.

கார்டின் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது?

ஒரு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில் ஏழெட்டுச் சின்னங்களை நெருக்கி வைத்திருப்பார்கள். எல்லாம் தேவையில்லை. தேவையானவை இவை.

ரோமன் எண்ணில் ஒன்று அல்லது இரண்டு என்று சின்னதாக ஒரு கோடு அல்லது இரண்டு கோடு இருக்கும். மேலே சொன்ன யுஎச்எஸ் பாதை அதுதான்.

வி என்ற எழுத்தும் பக்கத்தில் 10, 30, 60, 90 என்று ஓர் எண்ணும் இருக்கும். உங்களுக்கு முக்கியமானது இதுதான். வி30 என்றால் எழுதும் வேகம் நொடிக்கு 30 எம்பிக்குக் கீழே இறங்காது என்ற உத்தரவாதம். வி60க்கு 60, வி90க்கு 90. இது உச்ச வேகம் இல்லை, குறைந்தபட்ச வேகம். வீடியோவுக்குக் குறைந்தபட்சம்தான் கணக்கு. உச்சம் எவ்வளவு போனாலும் நடுவில் ஒரு நொடி சறுக்கினால் பதிவு நின்றுவிடும்.

யு என்ற எழுத்துக்குள் 1 அல்லது 3 இருக்கும். 1 என்றால் 10 எம்பி, 3 என்றால் 30 எம்பி, இதுவும் குறைந்தபட்ச எழுதும் வேகம்தான். அதாவது யு3ம் வி30ம் ஏறக்குறைய ஒரே உறுதி. சி எழுத்துக்குள் 10 இருப்பது இன்னும் பழைய முறை, அதுவும் 10 எம்பி. இன்றைக்கு விற்கிற எல்லாக் கார்டிலும் இருக்கும் என்பதால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ‘கிளாஸ் டென் கார்டு சார், ஹை ஸ்பீடு’ என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வி எங்கே என்று தேடுங்கள்.

ஏ1, ஏ2 என்று இருப்பது செல்போனில் ஆப் ஓடுவதற்கான அளவு. கேமராவுக்கு அதனால் ஒன்றுமில்லை. அதற்காகக் கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பழைய கார்டுகளில் 633 என்று எழுதி, பக்கத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒன்று போட்டிருப்பார்கள். பழைய சிடி டிரைவின் வேகமான நொடிக்கு 150 கேபியை அடிப்படையாக வைத்த கணக்கு அது. 633ஐ 150ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 95 எம்பி. அதுவும் பெரும்பாலும் படிக்கும் வேகம்தான்.

இனி அந்தப் பெரிய எண். யுஎச்எஸ்-1 பாதையில் 104க்கு மேல் போகாது என்றால், அதே ஒற்றை வரிசைக் கார்டில் 170, 200 என்று எப்படிப் போடுகிறார்கள்? பொதுத் தரத்துக்கு வெளியே தயாரிப்பாளர்கள் தனியாக ஒரு வேகமுறை வைத்திருக்கிறார்கள். அதற்கென்று செய்த ரீடரில் போட்டால் அந்த வேகம் கிடைக்கும். பெரும்பாலான கேமராக்களுக்குள் கிடைக்காது. அது பொய்யில்லை, உங்கள் கேமராவுக்குப் பொருந்தாத உண்மை, அவ்வளவுதான். எழுதும் வேகம் எவ்வளவு என்று அறிய அட்டைப்பெட்டியின் பின்பக்கச் சிறு எழுத்தைப் பாருங்கள். இல்லையென்றால் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாதிரியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

சரி, எதை வாங்குவது?

என் அபிப்பிராயம் இதுதான். யுஎச்எஸ்-1 கேமரா வைத்திருக்கும் புதியவர் யாராக இருந்தாலும், தெரிந்த நிறுவனத்தின் யுஎச்எஸ்-1, வி30 கார்டு, 64 ஜிபியில் இரண்டு வாங்கினால் போதும். எழுதும் வேகம் 80, 90 எம்பி என்று பின்பக்கம் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். 128 ஜிபி ஒன்றைவிட 64 இரண்டு நல்லது என்று சொல்வதற்குக் காரணம், ஒன்று கெட்டாலும் தொலைந்தாலும் பாதி நாள் மிஞ்சும். 25 எம்பி ரா என்று பார்த்தால் 64 ஜிபியில் 2,000 படங்களுக்கு மேல் கொள்ளும். விடியற்காலை முதல் பொழுது சாயும்வரை எடுத்தாலும் ஒரு ஆள் அதைத் தாண்டுவது கஷ்டம்.

4கே வீடியோ அதிகம் எடுப்பவர்கள் மட்டும் 128 ஜிபிக்குப் போகலாம். 100 மெகாபிட்டில் ஒரு மணி நேரம் எடுத்தால் 45 ஜிபி தின்றுவிடும்.

யுஎச்எஸ்-2 கேமராவில் பறவையோ படகுப் போட்டியோ எடுப்பவர்களுக்கு யுஎச்எஸ்-2, வி60 கார்டு. வி90 கார்டின் விலை அதே கொள்ளளவு வி30ஐவிடப் பல மடங்கு. நொடிக்கு 75 எம்பி எழுதும் கனத்த வீடியோ எடுப்பவர்களுக்கும் அதிலேயே பிழைப்பு நடத்துகிறவர்களுக்கும்தான் அது. அந்தக் காசில் குந்துகால் போய்வந்து ஒரு நல்ல லென்ஸ் ஃபில்டரும் வாங்கிவிடலாம்.

அரியமான், பிரப்பன்வலசைப் பக்கம் தண்ணீரில் இறங்கி ஆக்‌ஷன் கேமராவில் எடுப்பவர்களுக்கு மைக்ரோ எஸ்டி, அதிலும் வி30. ஆனால் மைக்ரோ கார்டை அடாப்டரில் செருகிப் பெரிய கேமராவில் போடுவதை வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம். அவசரத்துக்குச் சரி. அடாப்டர் என்றால் கூடுதலாக ஒரு தொடுமுனை. நம் உப்புக் காற்றில் பச்சை பிடிக்கிற இடம் ஒன்று கூடுகிறது.

போலி கார்டு

இதில் ஏமாறாதவர்கள் குறைவு. 32 ஜிபி கார்டின் உள்ளே இருக்கும் நிரலை மாற்றி, 256 என்று காட்டும்படி செய்து, நல்ல நிறுவனத்தின் பெயரை ஒட்டி விற்பார்கள். கேமராவில் போட்டால் 256 என்றே காட்டும். முதல் 32 ஜிபி வரை ஒழுங்காகவும் இருக்கும். அதற்கு மேல் எடுப்பது எல்லாம் காற்றில் போய்விடும், அல்லது பழைய படத்தின் மேலேயே எழுதிவிடும். படம் கெட்டது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

நம்பவே முடியாத தள்ளுபடி, பெட்டியில் எழுத்துப்பிழை, மங்கிய அச்சு, பில் தர மறுப்பது, இவை இருந்தால் விலகிவிடுங்கள். ஆன்லைனில் வாங்கினால் விற்பவர் யார் என்று பாருங்கள். தயாரிப்பாளரின் பெயர் பெரிதாக இருக்கும், விற்பவர் வேறு யாராகவோ இருப்பார்.

எங்கே வாங்கினாலும் முதல் நாளே சோதித்துவிடுங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3. இரண்டும் கார்டு முழுவதையும் நிரப்பி, திரும்பப் படித்துப் பார்த்து, எத்தனை ஜிபி உண்மை என்று சொல்லும். நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிட்டுத் தூங்கலாம். எழுதும் வேகத்தையும் அதுவே காட்டிவிடும். ரீடர் மெதுவாக இருந்தால் எண்ணும் குறைவாக வரும், அதையும் மனதில் வையுங்கள்.

128 ஜிபி கார்டு விண்டோஸில் 119 என்று காட்டினால் பதற வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகவும் விண்டோஸ் 1,024ஆகவும் எண்ணுவதால் வரும் வித்தியாசம்தான் அது. 64 ஜிபி அதேபோல் 59 சொச்சம் காட்டும்.

சோதனை முடிந்ததும் கார்டை உங்கள் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், கம்ப்யூட்டரில் வேண்டாம். கேமரா தனக்குத் தேவையான ஃபோல்டர்களை அப்போதுதான் சரியாகப் போட்டுக்கொள்ளும். அப்புறம் ஒரு சின்னப் பரீட்சை: ரா, தொடர் ஷாட், ஷட்டர் வேகம் 1/500க்கு மேல். சுவரைப் பார்த்து ஷட்டரை அழுத்திப் பிடியுங்கள். எத்தனையாவது படத்தில் கேமரா விக்குகிறது, விரலை எடுத்த பிறகு கேமராவின் பின்பக்க விளக்கு அணைய எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேமராவுக்கும் கார்டுக்கும் உண்மையான வேகம் அந்த இரண்டு எண்கள்தான். களத்தில் எப்போது விரலை எடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கடற்கரையில் கார்டைக் காப்பாற்றுவது

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அரிச்சல்முனையில் ஆடி மாதம் நின்று பார்த்தவர்களுக்கு அது பழமொழியாகத் தோன்றாது. முழங்கால் உயரத்துக்கு மணல் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே கார்டு கதவைத் திறந்தால் துளைக்குள் மணல் போவது நிச்சயம். கார்டு போனால் புதிது வாங்கலாம். துளைக்குள் இருக்கும் மெல்லிய ஊசிகள் வளைந்தால் கேமராவையே பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டும். ஆகவே கரையில் கார்டு மாற்றாமல் இருப்பதே நல்லது. காலையில் கிளம்பும்போதே காலிக் கார்டைப் போட்டுக்கொண்டு போங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அல்லது காற்றுக்கு முதுகைக் காட்டிக் கேமராவைப் பைக்குள் வைத்து மாற்றுங்கள். விரலில் ஈரமோ உப்போ இருக்கக் கூடாது. துளைக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ரப்பர் ஊதுகுமிழ் போதும்.

விளக்கு எரியும்போது கார்டை உருவக் கூடாது என்பது எல்லா இடத்துக்கும் பொது. பஃபர் காலியாகிக்கொண்டிருக்கும் நேரம் அது. உருவினால் அந்தப் படங்கள் மட்டுமில்லாமல் கார்டில் இருக்கும் பட்டியலே குழம்பிப்போகலாம்.

கார்டை அதற்குரிய பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, ஒரு ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். சட்டைப்பையில் தனியாகப் போட்டால் வியர்வை போதும் அதைக் கெடுக்க. தொடுமுனை மங்கியிருந்தால் இழை பிரியாத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு தொட்டு மெல்லத் துடைக்கலாம். பென்சில் ரப்பரால் தேய்ப்பதைப் பலர் சொல்லித் தருகிறார்கள். அது தங்கப் பூச்சைத் தேய்த்துவிடும், வேண்டாம்.

ஏசி அறையிலிருந்து விடியற்காலையில் நேராகக் கரைக்கு வந்தால் லென்ஸில் பனி படிவது தெரியும். கேமராவுக்குள்ளேயும் அப்படிப் படியலாம். அதனால் கேமராப் பையை மூடியே வைத்து வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டு அப்புறம் கதவைத் திறவுங்கள்.

கார்டு கடலில் விழுந்துவிட்டால்? எடுத்தவுடன் கேமராவில் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பல கார்டுகள் தண்ணீரைத் தாங்கும்படிதான் செய்யப்படுகின்றன. கெடுப்பது காய்ந்த பிறகு தங்கும் உப்பும் ஈரத்தோடு பாயும் மின்சாரமும்தான். நல்ல தண்ணீரில் அலசுங்கள். நம் பக்கத்தில் கரையோரக் கிணற்றுத் தண்ணீரும் உப்புக் கரிக்கும், குடிக்கிற பாட்டில் தண்ணீரையே ஊற்றுங்கள். நிழலில் ஒரு முழு நாள் காயவிட்டு, கேமராவில் போடாமல் முதலில் விலை குறைந்த ரீடரில் போட்டுப் பாருங்கள்.

எஸ்டி கார்டின் இடது ஓரத்தில் ஒரு சின்னப் பூட்டு விசை இருக்கிறது. பையில் உரசி அது கீழே இறங்கியிருந்தால் கேமரா ‘கார்டு பூட்டியிருக்கிறது’ என்று சொல்லும். மேலே தள்ளினால் சரியாகிவிடும்.

படத்தை இறக்குவது

வேகமான கார்டு வாங்கிவிட்டுப் பழைய யுஎஸ்பி 2 ரீடரில் போட்டால், 64 ஜிபியை இறக்க அரை மணி நேரம் ஆகும். அது நொடிக்கு 35 எம்பி அளவில்தான் ஓடும். யுஎஸ்பி 3 ரீடர் ஒன்று, கார்டின் விலையில் ஒரு பகுதிதான். அதில் 90 எம்பி வேகம் கிடைத்தாலே 12 நிமிடத்தில் முடிந்துவிடும். யுஎச்எஸ்-2 கார்டு வாங்கியவர்கள் ரீடரும் யுஎச்எஸ்-2 என்று பார்த்து வாங்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயும் ஒற்றை வரிசைதான்.

இறக்கிய படங்கள் இரண்டு இடத்தில் இருக்கும்வரை கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள். தெரியாமல் அழித்துவிட்டால் அந்தக் கார்டில் அதற்கப்புறம் ஒரு படம் கூட எடுக்கக் கூடாது. அழித்த படங்கள் உள்ளேயே இருக்கும், புதியது மேலே எழுதும்போதுதான் உண்மையில் அழிகின்றன. கார்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு வேறு கார்டைப் போட்டு வேலையைத் தொடருங்கள். வீட்டுக்கு வந்ததும் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஃபைல் பெயர்கள் மாறியிருக்கும். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமியுங்கள்.